செக்கிங் கன்னியம்மா

எங்கள் தெருவில் கன்னியம்மா என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தி பூக்காரக் கன்னியம்மா, இன்னொருத்தி மாடிவீட்டுக் கன்னியம்மா. எங்கள் காம்பவுண்டில் இருப்பவள் செக்கிங் கன்னியம்மா. அந்தப் பட்டத்தை யார் சூட்டினார்களோ தெரியாது. யாராக இருந்தாலும் அவளிடம் ஒரு தடவையாவது பையைத் திறந்து காட்டிவிட்டு எரிச்சலோடு நடந்தவராகத்தான் இருப்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் அவள் லேடி செக்யூரிட்டி. புடவைக்கு மேல் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களின் பையையும் உடம்பையும் தடவிப் பார்த்து அனுப்புவதுதான் வேலை. டிபன் பாக்ஸுக்கு அடியில் பட்டன், கொண்டைக்குள் நூல்கண்டு, ஜாக்கெட்டுக்குள் குழந்தைச் சட்டை என்று எதையெதையோ பிடித்திருக்கிறாள்.

"ஆம்பள சூப்பர்வைசர் தொடமாட்டான்னு நாப்கின் பாக்கெட்டுல தான் சொருகுவாளுங்க டீச்சரு. நான் மொதல்ல பிரிக்கிறதே அத்தத்தான்" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் வேலை செய்கிறேன். அதனால் அவளுக்கு டீச்சர். ஜெயசீலி என்ற என் பெயரை அவள் வாயால் கேட்டதே இல்லை.

கேட்டு வேலையைக் கேட்டோடு விட்டுவிட்டு வந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. இவள் அதை வீட்டுக்கும் எடுத்து வருவாள். தண்ணீர் கேன் வந்தால் மூடியைச் சுற்றியிருக்கும் உறையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினால், "அது நேத்து சாயம் பூசுனது" என்பாள். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவுவதற்குள் வந்து உட்கார்ந்து, எங்கள் கல்யாண போட்டோவைக் கேட்டாள். மாதா கோவிலில் எடுத்த படத்தைக் காட்டினேன். அதையும் என் கணவர் செபாஸ்டியன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "மீச இல்லாம கீறாரே" என்றாள். செபாஸ்டியன் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வர நேரமானால் எனக்கு வராத சந்தேகமெல்லாம் அவளுக்கு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளைத் திருத்தவும் முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தடவை காஸ் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவன் அடையாள அட்டையோடு வந்தான். குழாய் பழசாகிவிட்டது, உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்றான். காம்பவுண்டில் எல்லோரும் கதவைத் திறந்துவிட்டோம். கன்னியம்மா மட்டும் அவனை வாசலில் உட்காரவைத்து, "உங்க ஆபீசுக்கு போன் போடு, நான் பேசணும்" என்றாள். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போனான். அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தேகப்பட்டு நூறு தடவை தோற்றதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அந்த ஒரு செருப்பைத்தான் தெருவே பேசியது.

இந்தக் குணம் எப்போது வந்தது என்று ஒரு நாள் துணி துவைக்கும்போது அவளே சொன்னாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அம்மா தம்பியைப் பெற்றெடுத்தாள். பெற்ற பிறகு ரத்தம் நிற்கவே இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒருத்தி காட்டேரி அடித்துவிட்டது என்றாள். ஒருத்தி பங்காளி வீட்டுச் செய்வினை என்றாள். இன்னொருத்தி பிரசவம் பார்த்தவளின் கையில்தான் கோளாறு என்று காதில் ஓதினாள்.

"யாரோ ஒருத்தி பொய் சொல்றான்னு எனக்கு அப்பவே தெரியும் டீச்சரு. எவன்னுதான் இன்னிக்கி வரைக்கும் தெரியல" என்றாள் கன்னியம்மா. சொல்லிவிட்டு, போர்வையைக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

அவள் உடம்பும் அவளுக்குச் சுகம் தந்ததில்லை. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போதே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்குவாள். "பொம்பளன்னா அப்டித்தான். பட்டுத்தான் ஆவணும்." சந்தேகப்படாமல் அவள் ஏற்றுக்கொண்ட ஒரே சங்கதி அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் கணவர் வேம்புலி எஸ்டேட்டிலேயே ஒரு பிரஸ் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறார். வாயில்லாத மனிதர். ஒரே மகள் கவிப்பிரியா. காலேஜ் முடித்துவிட்டு முகப்பேரில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறாள். வெடவெடவென்று ஒல்லி, எப்போதும் கொஞ்சம் வெளிறிய முகம். அம்மா எதிரில் இருந்தால் போனை எடுக்கவே மாட்டாள். எடுத்தால், "யாரு? எந்த ஊரு? இன்னா விசயம்?" என்று வரும்.

போன வருடக் கடைசியில் அவளுடைய கிளினிக்கிலேயே அவளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வீட்டுக்கு வந்து பஞ்சு மேல் பஞ்சாக வைத்தும் நிற்கவில்லை. காலையில் தலையணை உறை முழுக்கச் சிவப்பு. நான் பதறிப்போய்ச் சொன்னேன், டாக்டரிடம் திரும்பக் காட்டுங்கள் என்று.

"பல்லு புடுங்குனா ரத்தம் வராம பாலா வரும்?" என்று கன்னியம்மா என்னை மடக்கினாள். கவிப்பிரியா வாயில் பஞ்சோடு என்னைப் பார்த்தாள். வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

இதற்குச் சில மாதம் கழித்து, வேப்பம்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ரயில்வேயில் வேலை. பெண் பார்க்க வருவதாகத் தகவல் சொல்லியிருந்தார்கள். கன்னியம்மாவின் கால் தரையில் படவில்லை. அந்த நேரத்தில்தான் இது நடந்தது.

ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவள் நேரே என் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"டீச்சரு, பஸ் ஸ்டாண்டாண்ட அந்தப் பையன் சரண் இவ கையில இன்னாத்தயோ குடுத்தான். நான் கண்ணால பாத்தேன்."

சரண் பல் செட்டு செய்யும் லேபில் இருப்பவன். லேபிலிருந்து கிளினிக்குக்கு பைக்கில் சாமான் கொண்டுவந்து கொடுப்பான். ஏற்கனவே இரண்டு தடவை கவிப்பிரியாவைத் தெருமுனையில் இறக்கிவிட்டான் என்று அவன் பெயர் இவள் வாயில் அரைபட்டுக்கொண்டிருந்தது.

"என்ன கொடுத்தான்?"

"மெடிக்கல் ஷாப்பு கவரு. பூக்கட கவருன்னா கூட வுட்ருப்பேன். மெடிக்கல் ஷாப்புல இன்னாத்த வாங்கிக் குடுப்பான் ஒரு ஆம்பள? அவளுக்கு தேதி வேற தாண்டிப் போச்சு டீச்சரு. நான் காலண்டர பாத்துகினுதான் கீறேன்."

மகளுக்கு மாதவிலக்கு எப்போது என்று மகளைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பூஜை அலமாரிப் பக்கம் போகாத நாட்களை வைத்துக் கணக்கு. எனக்கு எரிச்சலாக வந்தது. "அக்கா, தலைவலி மாத்திரையா இருக்கும், கேட்டுப் பாரு" என்றேன்.

"கேட்டா சொல்லிடுவாளா? கேட்டுல மாட்டுனவ எவ கேட்டதும் ஒத்துகினா?"

மறுநாள் மகள் வேலைக்குப் போனதும் சோதனை போட்டாள். பீரோவை விட்டாள், புத்தகத்தை விட்டாள், ஹேண்ட்பேகைக்கூட விட்டாள். பழக்கம் எங்கே விடும்? நாப்கின் பாக்கெட்டை முதலில் பிரித்தாள். உள்ளே கவரிங் கம்மல் போட்டுத் தருவார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் நீளநீளமாக வெள்ளை மாத்திரைகள். அட்டையில்லை, பெயரில்லை.

டப்பாவை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். திருட்டைப் பிடித்த சந்தோஷம் முகத்தில் இல்லை. அவள் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

"கலைக்கிறதுக்குத்தான் டீச்சரு. வேற எதுக்குன்னா அட்டைய கயட்டிட்டு, அங்க போயா ஒளிப்பா?"

எனக்கு என்ன மாத்திரை என்று தெரியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் காட்டிக் கேட்கலாம் என்றேன். சுரீரென்று கோபம் வந்தது அவளுக்கு. "அவன் கைல காட்டுனா பொழுது சாயறதுக்குள்ள வேப்பம்பட்டு வரைக்கும் போயிடும்" என்றாள். அப்படியானால் பெண்ணிடமே கேள் என்று திரும்பவும் சொன்னேன். டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வைக்கவும் செய்தாள். உள்ளே இருந்ததைத்தான் மாற்றிவிட்டாள். முட்டிவலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரை வீட்டில் இருந்தது. அதுவும் வெள்ளை, அதுவும் நீளம். பெண்ணைப் பாவத்திலிருந்து காப்பாற்றின மாதிரியும் ஆயிற்று, எலும்புக்கும் நல்லது. இதை அவள் அப்போது என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த சில நாளில் கவிப்பிரியா வேலைக்குப் போவது நின்றது. கன்னியம்மாவும் லீவு போட்டாள். காய்ச்சலோடுகூட கேட்டில் நின்றவள் லீவு போட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. கதவு எந்நேரமும் சாத்தியே கிடந்தது. என்ன என்று கேட்டால், "வயித்தால போவுது அவளுக்கு" என்று கதவிடுக்கில் பதில். ஆனால் வயிற்றுப்போக்குக்கு யார் வாழைப்பூவை இடித்துச் சாறு எடுப்பார்கள்? அது ரத்தப்போக்குக்குக் கொடுப்பதாயிற்றே. பின்பக்கக் கொடியில் விடியும் முன்னே துவைத்துப் போட்ட படுக்கை விரிப்புகள், ஒன்று காய்வதற்குள் இன்னொன்று. அவளோடு இத்தனை வருடம் பக்கத்தில் இருந்ததில் எனக்கும் அந்தச் சந்தேக நோய் தொற்றியிருக்க வேண்டும். நானும் கணக்குப் போட ஆரம்பித்தேன். சரண் பெயர் எனக்கும் மனதில் ஓடியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். பள்ளிக்கூடம் விடுமுறையான அன்று காலை, சமைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பக்கப் பேச்சு அப்படியே கேட்டது.

"யாருடி அவன்? சரண் தானே?"

"யாருமே இல்லம்மா. எத்தினி வாட்டி சொல்றது?" கவிப்பிரியாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அப்ப அந்த டப்பாவுல இன்னா மாத்திர?"

"அதையும் நோண்டிட்டியா? அந்த நாள்ல போடுற மாத்திரம்மா. அதான் நாப்கின்கூட வெச்சிருந்தேன். அட்டையோட வெச்சா அது ஓரம் பாக்கெட்ட கிழிச்சிடுது, அதனால டப்பாவுல போட்டேன். ரத்தம் ரொம்ப போவாம நிறுத்துற மாத்திர. அன்னிக்கி பல்லு புடுங்குனது நிக்கலல்ல, எங்க சார் பயந்துபோய் ஒரு லேடி டாக்டர்கிட்ட அனுப்புனாரு. எனக்கு ரத்தம் சீக்கிரமா உறையாதாம். டெஸ்ட் எடுக்கணும், அம்மாவையும் இட்டுனு வான்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நம்புவியா?"

"கத வுடாத. கேட்டுல மாட்டுறவ எல்லாம் ஒரு கத வெச்சிருப்பா."

"போன மாசம் போட்டேன், கொறஞ்சிச்சும்மா. இந்த மாசம் அதே மாத்திரதான் போடுறேன், நிக்கவே மாட்டேங்குது. நிக்கலன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்னு சொல்லியிருக்காங்க. இட்டுனு போம்மா. தல சுத்துது."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அமைதி. அம்மாவின் மனது இறங்கிவிட்டது, புடவை மாற்றுகிறாள் என்று நினைத்து நான் அடுப்பைத் தணித்தேன். கதவு திறக்கவில்லை. அந்த அமைதியில் என்ன நடந்தது என்று பிறகு அவளே சொன்னாள். மகள் விழுங்கிக்கொண்டிருப்பது அதே மாத்திரை இல்லை என்று உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மகள் சொல்வது உண்மையென்றால், தான் செய்தது என்ன என்று யோசிக்க வேண்டிவரும். பொய் என்று வைத்துக்கொண்டால் யோசிக்க வேண்டியதில்லை. பொய் என்றே வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் பாத்ரூம் பக்கம் தொப்பென்று சத்தம். நான் கரண்டியோடு ஓடினேன். கவிப்பிரியா ஈரத் தரையில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்துச் சுண்ணாம்பாகியிருந்தது. தரையெல்லாம் ரத்தம். கன்னியம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சத்தம் போடாத டீச்சரு, சத்தம் போடாத, மாடிவீட்டுக்காரிக்கு கேட்டுடும்" என்றாள்.

"உன் மானத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு! பொண்ணு செத்துட்டா யாருக்குக் கல்யாணம் பண்ணுவ?" என்று நான் கத்தினேன். மாடிவீட்டுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

செபாஸ்டியன் சாப்பிட வந்திருந்தார். பெண்ணைத் தூக்கி ஆட்டோவில் போட்டோம். பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் வாய்க்குள் செபமாலை சொன்னேன். கன்னியம்மா மகளின் உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அவளும் ஏதோ முணுமுணுத்தாள். எந்தச் சாமியிடம் என்று கேட்கவில்லை.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயது. வந்ததும் கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முதலில் கர்ப்ப சோதனை. நர்ஸ் அந்தச் சின்ன அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரே ஒரு கோடு.

"இன்னொரு வாட்டி பாரும்மா" என்றாள் கன்னியம்மா.

"பாத்தாச்சும்மா. டாக்டரும் பாத்துட்டாங்க. குழந்தையும் இல்ல, கிழந்தையும் இல்ல" என்று நர்ஸ் சள்ளென்று விழுந்தாள்.

கன்னியம்மா அந்த அட்டையை வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இன்னொரு கோடு முளைத்துவிடுமா என்று பார்க்கிறாளோ, முளைக்கக் கூடாது என்று பார்க்கிறாளோ, எனக்குப் புரியவில்லை. கடைசியில் அதை நர்ஸிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா திரைக்கு அந்தப் பக்கம் கவிப்பிரியாவிடம் பேசுவது கேட்டது. என்ன மாத்திரை என்று கேட்டார். அவள் திணறாமல் பெயரைச் சொன்னாள், டிரானெக்சாமிக் ஆசிட். ஒழுங்காகப் போட்டாயா என்றார். ஒரு வேளைகூட விடவில்லை என்றாள். டாக்டரம்மா வெளியே வந்தபோது நெற்றி சுருங்கியிருந்தது.

"இந்த மாத்திரையை ஒழுங்கா போட்டும் இவ்வளவு ரத்தம் போகுதுன்னா, மருந்துக்குக் கேட்கலைன்னு அர்த்தம். இனி காத்திருக்க முடியாது. தியேட்டருக்கு எடுத்துட்டுப் போய் உள்ளே என்னன்னு பார்த்து நிறுத்தணும். ஆனா ரத்தம் உறையாத உடம்புன்னா அங்கேயும் ஆபத்துதான், மறைக்க விரும்பல. அம்மா நீங்கதானே? கையெழுத்து போடுங்க."

கன்னியம்மா பேனாவை வாங்கினாள். வாங்கிக்கொண்டு நின்றாள். "போடுக்கா, நேரமாகுது" என்று நான் முதுகில் தட்டினேன். அவள் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு இடுப்பில் சொருகியிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவசரத்தில் அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தாள். கேட்டில் பிடித்ததை ஆபீசில் ஒப்படைக்கும்வரை மடியிலேயே வைத்திருப்பாளே, அப்படி வைத்திருந்திருக்கிறாள். நீளமான வெள்ளை மாத்திரைகள், வியர்வையில் ஓரம் கரைந்துபோய்.

"இதாம்மா அவ மாத்திர. அவ இத்த போடவே இல்ல. நான் எடுத்துட்டு கால்சியம் மாத்திரய வெச்சிட்டேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஏம்மா?" என்றார்.

"புள்ளய கலைக்கிற மாத்திரன்னு நெனச்சிகினேன்."

நான் திரையைப் பார்த்தேன். அது பாதிதான் இழுத்துவிடப்பட்டிருந்தது. கவிப்பிரியா கண்களை மூடிக் கிடந்தாள். மயக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். மூடிய இமை ஓரத்திலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. கன்னியம்மாவைக் கன்னத்தில் அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. சொல்லாமலே கையெழுத்தைப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

டாக்டரம்மா மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப மருந்து தோக்கல. மருந்து உள்ளேயே போகல" என்று நர்ஸைக் கூப்பிட்டார். தியேட்டரைத் தள்ளி வைத்தார். அதே மருந்தை நரம்பு வழியாக மெதுவாக ஏற்றினார்கள், கூடவே ரத்தமும் ஏறியது. மிஷினிலிருந்து அப்படியே கிரீஸ் கையோடு வந்த வேம்புலி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நடந்ததை நான்தான் சொன்னேன். மனைவியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பொழுது சாயும்போது நர்ஸ் வந்து, ரத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது, தியேட்டர் தேவைப்படாது என்று சொன்னாள். நான் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா கன்னியம்மாவை உட்காரவைத்து விசாரித்தார். அவளுக்கு மாதவிலக்கு எப்படி இருந்தது என்று கேட்டார்.

"எல்லாருக்கும் வர்ற மாதிரிதான்."

"எல்லாருக்கும்னா எப்படி? சொல்லுங்க."

துணி மாற்றி மாளாமல் சாக்கை மடித்துப் போட்டுப் படுத்ததை, பிரசவத்தில் தனக்கும் ரத்தம் ஏற்றியதை, கர்ப்பப்பையை எடுத்ததை அவள் கூலி வேலையை விவரிப்பது போலச் சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். உங்கள் அம்மாவுக்கு எப்படி என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

"இது பரம்பரையா வர்றதா இருக்கலாம்மா. உங்க அம்மா, நீங்க, இப்ப உங்க பொண்ணு. உங்களுக்கும் சேர்த்து டெஸ்ட் எடுக்கணும். எல்லாப் பொம்பளைக்கும் இப்படி வராது."

கன்னியம்மா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். "அப்ப எங்கம்மாவ யாரும் இன்னாவும் பண்ணலையா டாக்டரம்மா?"

"அன்னிக்கு நடந்ததை இன்னிக்கு உறுதியா சொல்ல முடியாது. ஆனா ரத்தம் உறையாததாலதான் இருக்கும். யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்க."

அவள் அழுதாள். மகள் தரையில் விழுந்தபோது அழாதவள், அம்மா செத்து இத்தனை வருடம் கழித்து அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சரண் இதில் செய்ததெல்லாம், கிளினிக் பக்கத்தில் கிடைக்காத மருந்தை லேபிலிருந்து வரும் வழியில் வாங்கி வந்து கொடுத்ததுதான். அவனுக்குக் கல்யாணமே நிச்சயமாகியிருந்தது. அதைச் சொன்னபோது கன்னியம்மா, "இருந்தாலும் அவன் மூஞ்சி சரியில்ல" என்றாள். பரிசோதனையில் அம்மா, மகள் இரண்டு பேருக்கும் அந்தக் குறை இருப்பது தெரிந்தது. வேப்பம்பட்டுக்காரர்களுக்கு வேம்புலியே போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த கவிப்பிரியா அம்மாவோடு சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், போட்டதைச் சாப்பிட்டாள். ஒரு நாள் காலை ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, இது உங்க வீட்டுல இருக்கட்டும். வேணும்றப்ப வந்து போட்டுக்கறேன்."

பின்னாலேயே கன்னியம்மா வந்தாள். "ஏன்டி, நம்ம ஊட்டுல எடமா இல்ல?"

"எடம் இருக்கும்மா. நம்பிக்கதான் இல்ல."

குரல் உயரவே இல்லை. கன்னியம்மா பதிலுக்குச் சண்டைக்கு வருவாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். எனக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை, மாத்திரையை வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்தேன்.

சில மாதங்கள் இப்படியே போயின. அந்த நாட்கள் வந்தால் கவிப்பிரியா என் சமையலறைக்கு வந்து, அட்டையில் பெயரைப் படித்து, மாத்திரையைப் பிதுக்கி எடுத்துத் தானே தண்ணீர் மொண்டு போட்டுக்கொள்வாள். நான் தண்ணீர் கொடுத்தால்கூட, "இருக்கட்டும் ஆன்ட்டி" என்பாள்.

போன வாரம் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. வேலை முடிந்து வந்த கவிப்பிரியா என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், கடைக்குப் போய்வருகிறேன் என்று செபாஸ்டியன் சட்டையை மாட்டினார். அப்போது கன்னியம்மா வந்தாள். ஷிப்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள், நீலச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வழக்கமாகக் கேட்காமலே உள்ளே நுழைகிறவள் வாசப்படிக்கு வெளியிலேயே நின்றாள். கையில் மெடிக்கல் ஷாப்பின் பழுப்புக் கவர்.

"அவ மாத்திர டீச்சரு. முழு அட்டையா வாங்கியாந்தேன். கடக்காரன்கிட்டயே சொல்லி கவர்ல ஸ்டேப்ளர் பின் அடிச்சி வாங்கினேன். அடிச்ச மாதிரியே கீது பாரு. நான் பிரிக்கல."

நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி மறுபடியும் சொன்னாள், "நான் பிரிக்கல."

கவிப்பிரியா எழுந்து வந்தாள். கவரை வாங்கி, பின்னை விரலால் தடவி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பார்த்து முடிக்கிற வரைக்கும் கன்னியம்மா வெளியிலேயே நின்றிருந்தாள்.